மெலிவும் சாய்வும்: லைட் இட்டாலிக் எழுத்துருவை எங்கே, எந்த அளவில் வைப்பது?

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு வரிக்கு ‘ஹெடிங் 4’ கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் நினைவிருக்கும்: 11 பாயின்ட், நீல நிறம், மெல்லிய கோடு, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அதுதான் கலிப்ரி லைட் இட்டாலிக். 2013 பதிப்பில் தலைப்புகளுக்கு வந்து சேர்ந்த இந்தக் குடும்பம், ஆப்டோஸ் என்ற புதிய எழுத்துரு அதன் இடத்தைப் பிடிக்கும் வரை அங்கேயே இருந்தது. செரிஃப் எனப்படும் முனைக்கொண்டைகள் இல்லாத (அதாவது சான்ஸ் செரிஃப்), மெலிந்த, சாய்ந்த இந்த எழுத்துவகையின் பெயர் தெரியாமலேயே பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த ஹெடிங்கே நல்ல உதாரணம். கீழே வரும் பத்தியும் 11 பாயின்ட், தலைப்பும் 11 பாயின்ட். பத்தியின் எழுத்தோ தலைப்பின் எழுத்தைவிடத் தடிமனானது. நீல நிறத்தை எடுத்துவிட்டால் தலைப்பு பத்தியைவிட மங்கிப்போகும்.

இந்த எழுத்துவகையின் அழகும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. லைட் என்பது கோட்டின் தடிமனைக் குறைப்பது. இட்டாலிக் என்பது அந்தக் கோட்டைச் சாய்ப்பது. இரண்டுமே எழுத்திலிருந்து கருமையைத்தான் எடுக்கின்றன. தனித்தனியாகச் செய்தால் கண் சமாளித்துக்கொள்ளும். சேர்த்துச் செய்யும்போது சிறிய அளவுகளில் எழுத்து கரைந்துபோகிறது, பெரிய அளவுகளில் மட்டும் மிளிர்கிறது.

பெயரும் எண்ணும்

அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இதை ‘46’ என்று எண்ணால் சொல்வதுண்டு. எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ரூட்டிகர் 1957-இல் யூனிவர்ஸ் குடும்பத்தை 21 வடிவங்களோடு வெளியிட்டபோது பெயர்களுக்குப் பதில் இரட்டை இலக்க எண் கொடுத்தார். முதல் இலக்கம் தடிமன்: 4 என்றால் லைட், 5 என்றால் ரெகுலர், 6 என்றால் போல்ட். இரண்டாம் இலக்கம் அகலத்தையும் சாய்வையும் சொல்லும்: 5 நிமிர்ந்தது, 6 சாய்ந்தது. ஆகவே 55 சாதாரண எழுத்து, 46 மெலிந்து சாய்ந்தது. 1983-இல் வந்த நியூ ஹெல்வெட்டிகாவும் இதே முறையைப் பின்பற்றியதால், அங்கும் 46 என்றால் லைட் இட்டாலிக்தான். இன்றைய வலைப்பக்கங்களில் லைட்டுக்கு 300, ரெகுலருக்கு 400, போல்டுக்கு 700.

சாய்த்த எழுத்தும் சாய்வாக வரைந்த எழுத்தும்

1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் வெளியிட்ட சிறுநூல்களுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய இட்டாலிக், கையெழுத்தைப் பார்த்துச் செய்தது. சான்ஸ் செரிஃப் அச்செழுத்து 1816 வாக்கில்தான் இங்கிலாந்தில் தலைகாட்டியது. கையெழுத்தோடு உறவில்லாத அந்த எழுத்துக்கு எப்படி இட்டாலிக் செய்வது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

ஹெல்வெட்டிகா, யூனிவர்ஸ், ரோபோட்டோ ஆகியவை நிமிர்ந்த எழுத்தையே சாய்த்து, கோணல்களைத் திருத்திக்கொண்டவை. அவற்றில் ஆங்கிலச் சின்ன ஏ (a) மேலே கொக்கி, கீழே வட்டம் என்று இரண்டு அடுக்காகவே இருக்கும். கில் சான்ஸ், ஓப்பன் சான்ஸ் போன்றவற்றில் இட்டாலிக்கைத் தனியாக வரைந்திருக்கிறார்கள். சின்ன ஏ ஒற்றை அடுக்காகிவிடும். 1928-இல் தொடங்கிய கில் சான்ஸின் இட்டாலிக்கில் சின்ன பி (p) எழுத்தின் இடப்பக்கம் பேனா வால்கூட எட்டிப்பார்க்கும்.

லைட் தடிமனில் இந்த வேறுபாடு மிக முக்கியமாகிறது. 12 பாகைச் சாய்வைத் தடித்த எழுத்தில் எளிதாகக் காணலாம். மெல்லிய எழுத்தில், அதுவும் சிறிய அளவில், சாய்வு மட்டும் இருந்தால் ‘இது இட்டாலிக்’ என்று கண் உடனே பிடிப்பதில்லை. வடிவமே மாறியிருந்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் பத்திக்குள் ஒரு சொல்லை வேறுபடுத்த வேண்டுமானால் தனியாக வரைந்த இட்டாலிக் உள்ள குடும்பமே நல்லது. பெரிய தலைப்புக்கு, கட்டடக்கலை அல்லது இயந்திர நேர்த்தி வேண்டிய இடத்துக்கு, சாய்த்த வகை பொருந்தும்.

திருத்தாமல் வெறுமனே சாய்த்தால் என்ன ஆகும்? வட்டமான ஓ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்விளிம்பை வலப்புறம் தள்ளும்போது வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் கோடு தடிக்கிறது. இடது மேலும் வலது கீழும் மெலிகிறது. நிற்கும் கோடுகளும் தப்புவதில்லை. கிடைமட்டமாக அளந்தால் அதே அகலம்தான். ஆனால் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 12 பாகையில் சுமார் 2 விழுக்காடும், 14 பாகையில் 3 விழுக்காடும் குறைந்திருக்கும். தடித்த எழுத்தில் இந்த 3 விழுக்காட்டை யாரும் கவனிக்கப்போவதில்லை. லைட் எழுத்தில் விட்டுக்கொடுக்க எதுவுமே மிச்சமில்லாத நிலையில் அது போகிறது. வட்டத்தின் மெலிந்த மூலைகளோ திரையில் அறுந்தே தெரியும்.

திரையில் ஒரு பிக்சலுக்கும் குறைவு

எழுத்தின் முழு உயரத்தை 1000 அலகாகப் பிரிப்பது எழுத்துரு வரைபவர்களின் வழக்கம். ரெகுலர் சான்ஸ் செரிஃபில் நிற்கும் கோடு ஏறக்குறைய 85-90 அலகு இருக்கும். லைட்டில் 60 என்று வைத்துக்கொள்வோம். 16 பிக்சல் அளவில் ரெகுலரின் கோடு 1.4 பிக்சல், லைட்டின் கோடு 0.96 பிக்சல். 12 பிக்சலில் லைட் 0.72-க்கு இறங்கிவிடும்.

நிமிர்ந்த லைட்டுக்கு ஒரு வசதி உண்டு. கோடு நேராக நிற்பதால், சாதாரணத் திரையிலும் அதை ஒரு முழுப் பிக்சல் வரிசையோடு பொருத்திக் கருமையாகக் காட்ட மென்பொருளால் முடியும். சாய்ந்த கோட்டுக்கு அந்த வசதி இல்லை. 12 பாகைச் சாய்வில் கோடு ஒவ்வொரு 4.7 பிக்சல் உயரத்துக்கும் ஒரு பிக்சல் வலப்புறம் நகர்கிறது. 16 பிக்சல் எழுத்தில் சின்ன எழுத்துகளின் உடல் உயரம் 8 பிக்சல்தான். அதற்குள் கோடு இரண்டு படிகூட முழுதாக ஏறுவதில்லை. பெரும்பாலான வரிசைகளில் அந்த ஒரு பிக்சல் கருமை பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் இரண்டுக்கும் பங்கு பிரிகிறது. கறுப்பு என்று நிறம் கொடுத்தும் திரையில் சாம்பல் வருவது இதனால்தான்.

இதன் மேல் வடிவமைப்பாளர் எழுத்துக்கே சாம்பல் நிறம் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். வலை அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு 4.5:1 ஒளிவேறுபாடு கேட்கின்றன. வெள்ளையில் #767676 என்ற சாம்பல் அந்த எல்லையைத் தொட்டுத் தேறும், #777777 தேறாது. ஆனால் இந்தக் கணக்கு நிறக் குறியீட்டை வைத்துப் போடுவது. பாதி நிறைந்த பிக்சல்களை அது பார்ப்பதில்லை. கணக்கில் தேறிய லைட் இட்டாலிக் கண்ணுக்குத் தேறாமல் போவது இந்த இடைவெளியில். மிக மெல்லிய கோடுள்ள எழுத்துகள் குறைந்த ஒளிவேறுபாட்டில் வாசிக்கக் கடினம் என்று அந்த விதிகளின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. லைட் இட்டாலிக்குக்குக் கறுப்பு அல்லது அதை ஒட்டிய நிறம்தான் கொடுக்க வேண்டும். ‘நளினமாக’ இருக்கட்டும் என்று மெலிவு, சாய்வு, சாம்பல் மூன்றையும் ஒன்றாகப் போடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

மெல்லிய எழுத்தை உலகமே பேசிய சமயம் ஒன்று உண்டு. 2013 ஜூனில் ஆப்பிள் காட்டிய ஐஓஎஸ் 7, ஹெல்வெட்டிகா நியூவின் லைட் வடிவத்தை இடைமுகம் முழுக்க வைத்திருந்தது. வாசிக்க முடியவில்லை என்ற குறை எழுந்தது. மூன்றாவது சோதனைப் பதிப்பிலேயே ரெகுலருக்கு மாறினார்கள். தடித்த எழுத்து வேண்டுவோருக்குத் தனி அமைப்பும் ஐஓஎஸ் 7-இல் வந்தது. நிமிர்ந்த லைட்டுக்கே இந்த நிலை.

அடர்த்தியான திரைகளில் கதை மாறுகிறது. இரட்டைப் பிக்சல் திரையில் அதே 16 அளவு 32 திரைப்பிக்சலில் வரையப்படுவதால் கோடு 1.9 பிக்சல் ஆகிறது, சாய்வின் படிகளும் மழுங்கிவிடுகின்றன. வடிவமைப்பாளரின் கணினி அப்படிப்பட்டது, வாசகரின் அலுவலக மானிட்டர் அப்படியில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து திரையில் கொஞ்சம் தடித்துத் தெரியும், ஒளி கசிவதால். எனவே இருண்ட பின்னணியில் பெரிய மேற்கோளுக்கு லைட் இட்டாலிக் அழகாகவே நிற்கும்.

அச்சில் நேர்மாறு

அச்சகத்தில் ‘ரிவர்ஸ்’ என்றால் கறுப்பில் வெள்ளை எழுத்து. திரையில் தடித்துத் தெரிந்த அதே எழுத்து இங்கே மெலியும். சுற்றியுள்ள மை நாலாபுறமிருந்தும் எழுத்துக்குள் பரவி வந்து கோட்டைத் தின்கிறது. வெள்ளையில் கறுப்பாக அடிக்கும் எழுத்தில் 0.25 பாயின்ட் கோடு வரை ஆஃப்செட் அச்சு தாங்கும், ரிவர்ஸில் 0.5 பாயின்டுக்குக் குறையக்கூடாது என்பது பொதுவாக எதிர்பார்க்கும் எல்லை. 60 அலகு லைட்டை 8 பாயின்டில் போட்டால் நிற்கும் கோடு 0.48, கிடைக்கோடு இன்னும் மெல்லியதாக 0.4. இரண்டுமே எல்லைக்குக் கீழே. சின்ன ஈ (e) எழுத்தின் நடுக்கோடுதான் முதலில் அடைபடும்.

சாம்பல் எழுத்தின் கதை இன்னும் சுவையானது. அச்சில் சாம்பல் மை கிடையாது. 60 விழுக்காடு கறுப்பு என்றால் கறுப்புப் புள்ளிகள்தான். அங்குலத்துக்கு 150 வரி கொண்ட புள்ளி வலையில் (அச்சகத்தார் ‘ஸ்கிரீன்’ என்பது) ஒரு புள்ளிக் கட்டத்தின் அகலம் 0.48 பாயின்ட். 8 பாயின்ட் லைட்டின் கோட்டு அகலமும் அதுவே. அதாவது ஒவ்வொரு கோடும் ஒற்றை வரிசைப் புள்ளிகளாக உடைகிறது. சாய்ந்த கோடு புள்ளிக் கட்டங்களைக் குறுக்காக வெட்டிச் செல்வதால் விளிம்பு ரம்பப் பல் போல் ஆகும். பழுப்பு, ஊதா போன்ற நிறங்களை நான்கு வண்ண மையில் கலந்து எழுத்துக்குக் கொடுத்தாலும் இதே பாடுதான், கூடவே ரெஜிஸ்டர் பிசகும், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் விலகும். 0.1 மில்லிமீட்டர் விலகல் என்பது 0.28 பாயின்ட். கோட்டில் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். அழைப்பிதழில் ஊர்ப்பெயரை மெல்லிய இட்டாலிக்கில் வண்ணத்தில் போட ஆசைப்பட்டால் தனி மை ஒன்றைக் கேட்டு, புள்ளியில்லாத முழு நிறமாக அடிக்கச் சொல்லுங்கள்.

வலைப்பக்கத்தில் கோளாறு எங்கே பிறக்கிறது

ஓப்பன் சான்ஸ் லைட் இட்டாலிக் என்று கேட்டிருப்பீர்கள், வருவது வேறாக இருக்கும். உலாவி எழுத்துருக் கோப்பைத் தேடும்போது சாய்வைப் பொருத்திய பிறகுதான் தடிமனைப் பொருத்துகிறது. நிமிர்ந்த 300-உம் இட்டாலிக் 400-உம் மட்டும் ஏற்றியிருந்தால், இட்டாலிக் 300 கேட்ட இடத்தில் இட்டாலிக் 400 வந்து உட்காரும். மெல்லிய பத்தியில் சாய்ந்த சொற்கள் மட்டும் தடித்துத் தெரிந்தால் காரணம் இதுதான்.

இட்டாலிக் கோப்பே இல்லையென்றால் உலாவி நிமிர்ந்த லைட்டைத் தானே சாய்க்கும். சாய்வு என்று மட்டும் சொல்லிக் கோணம் சொல்லாவிட்டால் வலைப்பக்கத் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியின் தரநிலை எடுத்துக்கொள்வது 14 பாகை. வட்டம் கோணலாகும், கோடு மெலியும் என்று மேலே சொன்னதெல்லாம் அப்படியே நடக்கும். ஓப்பன் சான்ஸில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சின்ன ஏ இரண்டு அடுக்காகச் சாய்ந்து நின்றால் அது போலி. சோதிக்கும்போது ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ பண்பை ‘நன்’ என்று வைத்துவிட்டால் போலிச் சாய்வு நின்று, எங்கே கோப்பு விடுபட்டது என்பது பளிச்சென்று தெரியும்.

தடிமன் தேடும் விதியும் பலருக்குத் தெரியாது. 400-க்குக் குறைவாகக் கேட்டு அது இல்லாவிட்டால் உலாவி முதலில் அதைவிட மெலிந்ததைத் தேடும், பிறகே தடித்ததை. லாட்டோ எழுத்துருவில் 100-உம் 400-உம் மட்டும் ஏற்றிவிட்டு 300 கேட்டால் கிடைப்பது 100. முடியிழைபோல் வரும். மெலிந்த கோப்பை உலாவியால் போலியாகச் செய்ய முடியாது, தடித்ததை மட்டுமே முடியும்.

இன்னொன்று: லைட்டில் அமைத்த பத்திக்குள் அழுத்தம் கொடுக்க ‘ஸ்ட்ராங்’ குறியைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றுமே நடந்ததாகத் தெரியாது. அந்தக் குறியின் இயல்பு மதிப்பு ‘போல்டர்’. 300-இலிருந்து போல்டர் என்றால் விதிப்படி 400-தான், 700 கிடையாது. அழுத்தத்துக்கு 600 அல்லது 700 என்று எண்ணையே எழுதிவிடுவது நல்லது. 2016 முதல் வந்த, ஒரே கோப்பில் தடிமனையோ சாய்வையோ மாற்றிக்கொள்ளக்கூடிய மாறுநிலை எழுத்துருக்களில் சாய்வு அச்சுக்கு (ஆக்ஸிஸ்) எதிர்மறை எண் கொடுத்தால்தான் வலப்புறம் சாயும். சிஎஸ்எஸ்ஸின் ‘ஒப்லீக்’ கோணத்துக்கோ நேர்மறை எண். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுத்து நிமிர்ந்தே நிற்பதைப் பார்த்துத் தவிப்பவர்கள் உண்டு.

பெரிய தலைப்பில் கடைசி எழுத்தின் தலை வெட்டுப்படுவதும் அடிக்கடி நடப்பது. 60 பிக்சல் தலைப்பில் அடிக்கோட்டிலிருந்து பெரிய எழுத்தின் உச்சி வரும்போது 12 பாகைச் சாய்வு சுமார் 9 பிக்சல் வலப்புறம் நகர்த்துகிறது. எழுத்தின் உச்சி தன் பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும்படி அமைத்திருந்தால் அது அறுபடும். வலப்பக்கம் எழுத்தளவில் 0.15 பங்கு இடம் விட்டால் போதும். இட்டாலிக் சொல்லை அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

பக்கத்தில் தமிழ் இருந்தால்

தமிழ் அச்சில் இட்டாலிக் மரபு வேரூன்றவில்லை. அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து, மேற்கோள் குறி, பெரிய அளவு ஆகியவைதான் நம் வழக்கம். ஆகவே தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு இட்டாலிக் கோப்பே கிடையாது. கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் லைட் உட்படப் பல தடிமன்களில் கிடைக்கின்றன, இட்டாலிக் இல்லை. விண்டோஸின் லதாவில் ரெகுலரும் போல்டும்தான், லைட்கூட இல்லை.

இப்போது அந்த ‘ஹெடிங் 4’ வரியில் ஆங்கிலத்தோடு தமிழும் தட்டிப் பாருங்கள். ஆங்கிலம் கலிப்ரி லைட் இட்டாலிக்கில் வரும். தமிழுக்கு அந்த வார்ப்புரு குறித்து வைத்திருப்பது லதா. மென்பொருள் அதன் ரெகுலரைப் பிடித்து இயந்திரத்தனமாகச் சாய்க்கும். ஒரே வரியில் பாதி மெலிவு, பாதி தடிப்பு. ட, ப, ம போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் சரிந்து விழும் பெட்டிகளாகும். ழ, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் ஒரு பக்கம் நசுங்கும். இதற்குச் சரியான வழி தமிழைச் சாய்க்காமல் விடுவதுதான். வேர்டில் அந்தத் தலைப்பு நடையைத் திறந்து, தமிழ் உள்ளிட்ட சிக்கல் எழுத்துமுறைகளுக்கான பகுதியில் இட்டாலிக்கை நீக்கி, நிர்மலா யுஐ செமிலைட் போல ஒரு மெல்லிய வடிவத்தைக் கொடுக்கலாம். வலைப்பக்கத்தில் தமிழ் மொழிக் குறி இட்ட பகுதிகளுக்கு எழுத்துச் சாய்வை ‘நார்மல்’ ஆக்கிவிடுங்கள். மெலிவு ஒத்துப்போனாலே இரண்டு மொழியும் ஒரே வரியில் இணங்கி நிற்கும்.

எங்கே இது தன் இடத்தில் நிற்கிறது

வரைபடங்களைப் பாருங்கள். நீர்நிலைகளின் பெயர்களை இட்டாலிக்கில் எழுதுவது வரைபடக்காரர்களின் பழைய வழக்கம். கடல், வளைகுடா, பேராறு என்று பெரிதாக, எழுத்துகளை அகல அகல விட்டு எழுதும் பெயருக்கு மெல்லிய சாய்ந்த சான்ஸ் செரிஃப் அருமையாகப் பொருந்தும். பெயர் பரப்பை மறைக்காது. ஊர்ப்பெயர்களோடு குழம்பாது. அளவு பெரிது என்பதால் கோடு கரையாது. சிற்றோடைகளுக்கு அதையே 6 பாயின்டில் வெளிர்நீலத்தில் போட்டால் மேலே சொன்ன புள்ளிக் கணக்கு வந்து கெடுக்கும். அங்கே ரெகுலர் இட்டாலிக்.

பத்திரிகைப் பக்கத்தில் தனித்து எடுத்துக் காட்டும் மேற்கோள், நூலின் பிரிவுத் தொடக்கப் பக்கம், அருங்காட்சியகத்தில் படைப்பின் தலைப்பு, தாவரப் படங்களின் கீழ் பெரிதாக வரும் அறிவியல் பெயர் ஆகிய இடங்களும் இதற்கு ஏற்றவை. எல்லாமே சில சொற்கள், நல்ல அளவு, சுற்றிலும் வெற்றிடம். ஆங்கிலப் பெரிய ஐயும் (I) சின்ன எல்லும் (l) பல சான்ஸ் செரிஃபுகளிலும், எண் 1-உம்கூடச் சிலவற்றிலும் ஒரே கோடாகத் தெரியும் என்பதால் கணக்கு எண், கடவுச்சொல், மருந்தளவு எதையும் இதில் எழுதவே கூடாது.

கணினிக்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த எழுத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள் பொறியியல் வரைபடக்காரர்கள். ஐஎஸ்ஓ 3098 தரநிலையும், அதை ஒட்டிய இந்தியத் தரநிலை ஐஎஸ் 9609-உம் நிமிர்ந்த எழுத்தோடு 15 பாகை சாய்ந்த எழுத்தையும் அனுமதிக்கின்றன. முதலாண்டு மாணவர்கள் கிடைக்கோட்டிலிருந்து அளந்து ‘75 டிகிரி லெட்டரிங்’ என்று பழகுவது அதுதான். அங்கே பெரிய எழுத்தின் உயரத்தில் 14-இல் ஒரு பங்கு (ஏ வகை) அல்லது 10-இல் ஒரு பங்கு (பி வகை) கோட்டின் தடிமன். நாம் எடுத்துக்கொண்ட 60 அலகு லைட்டில், பெரிய எழுத்தின் உயரம் 700 அலகு என்றால், விகிதம் 12-இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே வருகிறது. ஏ வகையில் 2.5 மில்லிமீட்டர் எழுத்தின் கோடு 0.18 மில்லிமீட்டர், அதாவது 0.51 பாயின்ட். பேனாவின் முனையே கீழ் எல்லையை நிர்ணயித்ததால் அவர்களால் கரையும் எழுத்தை எழுதவே முடியவில்லை.

அதே முறையைக் கணினியிலும் பின்பற்றலாம்: முதலில் வேண்டிய கோட்டை முடிவு செய்து, அதிலிருந்து எழுத்தின் அளவுக்கு வாருங்கள். இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் அந்தக் குடும்பத்தின் நிமிர்ந்த லைட்டில் சின்ன எல் ஒன்றை 1000 பாயின்டில் தட்டி, பாதையாக மாற்றி, அகலத்தைப் பாயின்டில் பாருங்கள். அடியில் வளைவில்லாத எல்லாக இருக்க வேண்டும், வளைவிருந்தால் பெரிய ஐ எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்கும் எண்தான் கோட்டின் அலகு. இட்டாலிக்கை அப்படி அளக்கக்கூடாது, சாய்வும் அகலத்தில் சேர்ந்துவிடும். 60 வந்ததென்றால், திரையில் இரண்டு முழுப் பிக்சல் கோடு வேண்டுவோர் 2-ஐ 0.06-ஆல் வகுத்து 33 பிக்சல் வைக்க வேண்டும், இரட்டைப் பிக்சல் திரையில் 17 போதும். அச்சில் ரிவர்ஸ் என்றால் கிடைக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 50 அலகு என்றால் 0.5-ஐ 0.05-ஆல் வகுத்து 10 பாயின்ட். அதற்குக் கீழே போக வேண்டியிருந்தால் ரெகுலர் இட்டாலிக்குக்கு மாறிவிடுங்கள்.